ஷாப்பிங் மால்களின் தந்தை மால்களையே கைகழுவியது ஏன்? யார் இந்த விக்டர் க்ரூயன்?

மம்சாபுரத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, ஜவுளி எங்கே எடுக்கிறது என்பதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரா, ராஜபாளையமா? கொஞ்சம் தாராளமான கை என்றால் வேன் பிடித்து மதுரைக்கே போய்விடுவார்கள். போன இடத்தில் பெரியவர்கள் பட்டு பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்று. மாலுக்குப் போகணும்.

ஏசி, எஸ்கலேட்டர், நடுவில் பெரிய முற்றம், ஒரு பக்கம் ஃபுட் கோர்ட், கீழே பார்க்கிங். மதுரை, சென்னை, துபாய் என எந்த ஊர் மாலுக்குப் போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இந்த அச்சை வார்த்தவர் என்று உலகம் ஒருவரைத்தான் கைகாட்டுகிறது. அவர் பெயர் விக்டர் க்ரூயன். ஊர் வியன்னா. ஹிட்லருக்குப் பயந்து ஓடி அமெரிக்கா போனவர். அங்கே ஷாப்பிங் மாலை உருவாக்கி, பேரும் பணமும் பார்த்து, கடைசியில் இது என் பிள்ளையே இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு வியன்னாவுக்கே திரும்பியவர்.

அப்படி என்னதான் நடந்தது?

நடந்தே வளர்ந்த பையன்

1903 ஜூலை 18. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் விக்டர் டேவிட் க்ரூன்பாம். அமெரிக்கா போன பிறகு சுருக்கிக்கொண்ட பெயர்தான் க்ரூயன்.

அன்றைய வியன்னா எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு. தெருமுனையில் காபி கடை, நாலு எட்டு வைத்தால் தியேட்டர், பக்கத்திலேயே பூங்கா. சாமான் வாங்கப் போனவர் தெரிந்தவரைப் பார்த்து அரைமணி நேரம் பேசிவிட்டு வருவார். இதற்கெல்லாம் கார் தேவையில்லை, கால் போதும். கடைசி வரைக்கும் க்ரூயன் மனதில் இருந்த ஊர் இதுதான். பிறகு அவர் வரைந்த ஒவ்வொரு வரைபடத்திலும் இந்த வியன்னாவைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

வியன்னா நுண்கலை அகாடமியில் கட்டடக்கலை படித்தார். ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1933-ல் தனியாகத் தொழில் தொடங்கினார். பெரிய மாளிகை எதுவும் கிடைக்கவில்லை. பழைய கடைகளையும் வீடுகளையும் புதுப்பித்துக் கொடுப்பதுதான் வேலை. ராத்திரியில் நண்பர்களோடு சேர்ந்து அரசியல் நையாண்டி நாடகம் போடுவார். ஆள் சோஷலிஸ்ட். மேடையில் நாஜிகளைக் கிண்டலடித்தவர். யூதர் வேறு. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது இவரால் அங்கே இருக்க முடியுமா?

தப்பித்த கதையே ஒரு சினிமா. நண்பர் ஒருவர் நாஜிப் படையின் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, க்ரூயனையும் மனைவியையும் காரில் ஏற்றி விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து ஜூரிச், பிறகு இங்கிலாந்து, பிறகு கப்பலில் நியூயார்க். இறங்கும்போது கையில் இருந்தது ஒரு டிகிரியும் எட்டு டாலரும்தான். ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது.

போகிறவரை நிறுத்திய கடை

நியூயார்க்கில் முதலில் கிடைத்தது வரைபட உதவியாளர் வேலை. 1939 உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி, வருங்காலத்து ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு பிரம்மாண்ட மாதிரியைச் செய்துகொண்டிருந்தது. பெரிய பெரிய சாலைகள், அதில் பறக்கும் கார்கள். அந்த மாதிரிக்கு வரைந்தவர்களில் க்ரூயனும் ஒருவர். பிற்பாடு ஆயுள் முழுக்க கார்களோடு மல்லுக்கட்டப் போகிறவர், அமெரிக்காவில் பிழைப்பைத் தொடங்கியதே கார் கம்பெனி வேலையில்தான்!

அதே 1939-ல் அவருக்கு ஒரு திருப்பம். ஃபிஃப்த் அவென்யூவில் லெடரர் என்ற தோல்பை கடையை வடிவமைக்கும் வாய்ப்பு வந்தது. மோரிஸ் கெட்சம் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து செய்தார். மற்ற கடைகள் கண்ணாடியை நடைபாதையை ஒட்டி வைத்திருந்தன. இவர் என்ன செய்தார் தெரியுமா? கடையின் வாசலை உள்ளே தள்ளி, முன்னால் சின்னதாக ஒரு முற்றம் விட்டு, அதைச் சுற்றி ஷோகேஸ்களை வைத்தார். தெருவில் போகிறவர் வேடிக்கை பார்க்க ஓர் அடி உள்ளே வைப்பார். அவருக்கே தெரியாமல் கடைக்குள் இருப்பார்.

பாராட்டும் வந்தது, திட்டும் வந்தது. இது ஆளைப் பிடிக்கும் பொறி என்றார்கள் சிலர். நம்ம ஊர் வியாபாரிகளுக்கு இது புதுசில்லை. வாசலில் ஆள் நிறுத்தி, வாங்க வாங்க, பார்க்க காசில்லை என்று கூப்பிடுவதைத்தான் க்ரூயன் செங்கல்லிலும் கண்ணாடியிலும் செய்தார்.

வேலை குவிந்தது. எல்ஸி க்ரம்மெக் என்ற வடிவமைப்பாளரோடு தொழிலில் கைகோத்தார். பிறகு அவரையே திருமணமும் செய்துகொண்டார். இருவரும் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் பல ஊர்களில் கடைகள் கட்டிக் கொடுத்தார்கள்.

நடுத்தர ஊருக்கு ஒரு கனவு

ஊர் ஊராகப் போனபோது க்ரூயன் பார்த்த காட்சி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு கார். ஊரைவிட்டு வெளியே வரிசை வரிசையாகப் புது வீடுகள். ஆனால் அந்தப் புறநகரில் பேச ஒரு திண்ணை இல்லை, உட்கார ஒரு பூங்கா இல்லை. நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெட்ரோல் பங்க், அரை மைல் தள்ளி ஒரு கடை, நடுவில் விளம்பரப் பலகைகள். இதைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும்.

இதற்கிடையே, 1943-ல் ஒரு கட்டடக்கலை இதழ், போர் முடிந்த பிறகு ஒரு நடுத்தர அமெரிக்க நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசனை கேட்டிருந்தது. மாதிரிக்கு எடுத்துக்கொண்ட ஊர் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ். க்ரூயனும் எல்ஸியும் தீட்டிக் கொடுத்தது ஒரு ஷாப்பிங் சென்டர். கடைகள் மட்டும் இல்லை. நூலகம், தபால் நிலையம், கூட்ட அரங்கு எல்லாம் ஒரே இடத்தில். கார்கள் வெளியே, மனிதர்கள் உள்ளே. மாலின் விதை இது. விதைக்குள் இருந்தது ஒரு கடை வளாகம் இல்லை, ஒரு குட்டி ஊர் என்பதைக் கவனிக்கணும்.

அந்த யோசனைக்குப் பெரிய முதலாளி கிடைத்தது டெட்ராய்ட்டில். ஹட்சன் என்ற மாபெரும் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்காக, நகருக்கு வெளியே 1954-ல் நார்த்லேண்ட் என்ற வளாகத்தைக் கட்டினார். அன்றைக்கு அதுபோல் பெரியது வேறில்லை. ஆனால் அது திறந்தவெளி. கடைகளுக்கு நடுவே தோட்டமும் சிற்பமும், மேலே வானம். கூரை அடுத்ததில்தான் வந்தது.

1956, சவுத்டேல்: எல்லா மால்களுக்கும் மூத்தது

மினசோட்டா மாநிலம் அமெரிக்காவின் வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி எல்லாம் அங்கே சாதாரணம். கோடையில் புழுங்கித் தள்ளும். நிம்மதியாகத் தெருவில் நடந்து கடை பார்க்கும் நாள்கள் குறைவு. அங்கே டேட்டன் என்ற கடைக் குடும்பம் மினியாபொலிஸ் நகருக்குப் பக்கத்தில் ஈடைனா என்ற ஊரில் புது வளாகம் கட்ட நினைத்தது. இந்தக் குடும்பத்தின் நிறுவனம்தான் பிற்காலத்தில் டார்கெட் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.

க்ரூயன் கேட்டுக்கொண்டது, மொத்தத்தையும் மூடிவிடலாமா என்று.

1956 அக்டோபர் 8-ஆம் தேதி சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்கக் கூரை போட்டு, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அமெரிக்காவின் முதல் மால். செலவு 2 கோடி டாலர். 72 கடைகள். சுற்றிலும் 5,200 கார்கள் நிறுத்த இடம். வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் 24 டிகிரி செல்சியஸ். நடுவில் மரம், செடி, மீன் குளம், உயரமான பறவைக் கூண்டு, உட்கார்ந்து காபி குடிக்க மேஜைகள். முதல் நாளே 75,000 பேர் வந்தார்கள்.

கடைகளின் முகம் எல்லாம் உள்பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவர். இரண்டு மாடிகளை எஸ்கலேட்டர் இணைக்கும். போட்டிக் கடைகளான டேட்டனும் டொனால்ட்சனும் ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம். ஒரு பெரிய கடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் நடுவில் இருக்கும் சின்னக் கடைகளைத் தாண்டித்தான் போகணும். இன்றைக்கும் மால் கட்டுகிறவர்கள் பின்பற்றுவது இந்த ஃபார்முலாவைத்தான்.

எல்லாருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. பிரபல கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வந்து பார்த்துவிட்டு, ஊருக்குள் இருக்கும் சிறப்பெல்லாம் காணோம் என்ற ரீதியில் முகம் சுளித்துவிட்டுப் போனார்.

க்ரூயன் கண்ட கனவோ இந்த மால் மட்டும் இல்லை. மொத்த நிலம் 463 ஏக்கர். மால் நடுவில் ஒரு புள்ளி மாதிரி. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், தனி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ மையம், பூங்கா, ஏரி என்று பிளான் போட்டிருந்தார். அதாவது, மினசோட்டாவில் ஒரு வியன்னா. ஆனால் மால் வந்ததும் சுற்றியிருந்த நிலத்தின் விலை எகிறியது. விற்றால் லாபம் என்ற நிலையில் ஏரிக்கும் பூங்காவுக்கும் யார் காத்திருப்பார்கள்? கடை மட்டும் மிஞ்சியது. ஊர் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

க்ரூயன் டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன?

ஒரு சோப்பு வாங்கத்தான் போனோம். வெளியே வரும்போது கையில் நாலு பை. எப்படி நடந்தது என்றே தெரியாது. எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வெளிச்சம், பாட்டு, வாசனை, வளைந்து போகும் பாதை எல்லாம் சேர்ந்து, வந்த வேலையை மறக்கடித்து, சும்மா சுற்றிப் பார்க்கும் மனநிலைக்கு நம்மைத் தள்ளிவிடும் அந்த நொடிக்குப் பெயர்தான் க்ரூயன் டிரான்ஸ்ஃபர். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் ஆசைப்பட்டது என்னவோ வேறு. கடைக்கு வந்தவர் நின்று நாலு பேரோடு பேசட்டும், குளத்தில் மீன் பார்க்கட்டும் என்பதுதான். வியாபாரிகள் எடுத்துக்கொண்டது அந்த நிற்கிற நேரத்தை மட்டும்.

இதில் க்ரூயன் ஒன்றும் அறியாத அப்பாவி என்றும் சொல்லிவிட முடியாது. முதலாளிகளிடம் பேசும்போது, ஆள் நின்றால் கல்லா நிறையும் என்பதை அழகாக எடுத்துச் சொல்லித்தான் ஆர்டர் பிடித்தார். 1951-ல் தொடங்கிய அவருடைய நிறுவனம் அதன் பிறகு ஊர் ஊராக மால் கட்டியது. கனவையும் விற்றார், கட்டடத்தையும் விற்றார்.

காட்டுத்தீ மாதிரி பரவியது எப்படி?

இரண்டு அரசு முடிவுகள் கைகொடுத்தன. 1954-ல் அமெரிக்க வரிச் சட்டம் மாறியது. புதுசாக வணிகக் கட்டடம் கட்டினால், அதன் தேய்மானத்தை ஆரம்ப ஆண்டுகளிலேயே பெரிய தொகையாகக் கணக்கு காட்டலாம் என்றார்கள். கணக்கில் லாபம் குறையும், வரியும் குறையும். ஊருக்குள் பழைய கடையைப் பழுதுபார்ப்பதைவிட, வெளியே காலி மனையில் புதுசு கட்டுவது லாபமாகிவிட்டது. அடுத்து, 1956-ல் நாடு முழுக்க அகலமான நெடுஞ்சாலைகள் போடும் சட்டம் வந்தது. சாலை எங்கே சந்திக்கிறதோ, அங்கே ஒரு மால்.

அடி விழுந்தது ஊர்களின் நடுப்பகுதிக்கு. தாத்தா காலத்திலிருந்து கடைத்தெருவாக இருந்த இடங்களில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது. நார்த்லேண்டைக் கட்டிய ஹட்சன் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் நகருக்குள் இருந்த அவர்களுடைய தாய்க்கடை 1983-ல் மூடப்பட்டது. 1998-ல் அந்த உயரமான கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கொஞ்ச காலம் போய், 2015-ல் நார்த்லேண்டும் மூடப்பட்டது.

திருத்தப் பார்த்தார், முடியவில்லை

தான் கிளப்பிவிட்ட விஷயம் எங்கே போகிறது என்பது க்ரூயனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சவுத்டேல் திறந்த அதே 1956-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகருக்கு ஒரு திட்டம் கொடுத்தார். நகர மையத்துக்குள் காரே வரக் கூடாது. சுற்றிலும் வட்டச்சாலை, அதை ஒட்டி பார்க்கிங் கட்டடங்கள், சரக்கு லாரிக்குச் சுரங்கப்பாதை. உள்ளே நடை மட்டும். பலரும் வியந்து பாராட்டினார்கள். கட்டத்தான் இல்லை.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ கொஞ்சம் துணிந்தது. 1960-ல் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 82,000. நம்ம கணக்குக்குச் சொன்னால், 2011 கணக்கெடுப்பின் ஸ்ரீவில்லிபுத்தூரைவிடக் கொஞ்சம் பெரிசு, ராஜபாளையத்தைவிடச் சிறிசு. 1959 ஆகஸ்டில் அங்கே பர்டிக் தெருவில் கார்களை நிறுத்திவிட்டு, புல்லும் மரமும் வைத்து, நடப்பவர்களுக்கு மட்டும் என்று திறந்தார்கள். அமெரிக்காவில் கடைத்தெரு ஒன்று இப்படி மாறியது அதுதான் முதல்முறை. ஆனால் க்ரூயன் சொன்ன வட்டச்சாலையும், அதை ஒட்டிய பார்க்கிங் ஏற்பாடும் அவர் வரைந்தபடி வரவில்லை. தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். 1998-ல் அந்தத் தெருவின் ஒரு பகுதியில் கார்கள் திரும்ப வந்துவிட்டன. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 1964-ல் திறந்த ஃபுல்டன் மாலுக்கும் இதே கதைதான். நீரூற்றும் சிற்பமுமாக அழகாக இருந்த தெரு, 2017-ல் மறுபடியும் கார்களுக்கே போனது.

ராச்செஸ்டரில் நடந்தது இன்னும் வருத்தம். நியூயார்க் மாநிலத்தில் 3 லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. கடைத்தெருவில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கடைக்காரர்கள், மெக்கர்டியும் ஃபோர்மனும், புறநகர் மால்களைச் சமாளிக்க ஒன்றுசேர்ந்தார்கள். க்ரூயனை அழைத்து, ஊருக்கு நடுவிலேயே கூரை போட்ட மாலைக் கட்டினார்கள். 1962-ல் திறந்த மிட்டவுன் பிளாசா அது. மாநகராட்சி தன் பங்குக்குத் தரைக்கு அடியில் பார்க்கிங் கட்டிக் கொடுத்தது. நடு முற்றத்தில் பல நாடுகளின் பொம்மைக் காட்சிகளோடு ஒரு பெரிய கடிகாரம். கிறிஸ்துமஸ் வந்தால் பிள்ளைகளுக்குக் குட்டி மோனோரயில். ஒரு தலைமுறையே அந்தக் கடிகாரத்துக்குக் கீழே சந்தித்துக்கொண்டது. ஆனால் ஊரைச் சுற்றி மால் மேல் மால் வந்துகொண்டே இருந்தது. 2008-ல் மிட்டவுன் பிளாசாவை மூடி, பிறகு இடித்தார்கள்.

நகரங்களின் இதயம் பற்றி 1964-ல் தனிப் புத்தகமே எழுதினார் க்ரூயன். அதைப் படித்து ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர் வால்ட் டிஸ்னி. அவர் யோசித்த எப்காட் என்ற வருங்கால ஊரில் க்ரூயனின் சாயல் உண்டு.

திரும்பிய இடத்திலும் மால்!

1968-ல் மூட்டை கட்டிக்கொண்டு வியன்னாவுக்கே போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஊர். அங்கே பழைய நகருக்குள் காரைக் குறைக்கும் திட்டங்களுக்கு யோசனை சொன்னார். 1974-ல் வியன்னாவின் கெர்ட்னர் தெரு நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாறியது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் விதி விடவில்லை. 1976-ல் வியன்னாவின் தெற்கு ஓரத்திலேயே, சுற்றிலும் பார்க்கிங்கோடு ஒரு ராட்சத மால் வந்தது. ஊருக்குள் இருக்கும் சின்னக் கடைகளை அது விழுங்கிவிடும் என்று க்ரூயன் பதறினார். 1978-ல் லண்டனில் பேசும்போது, மால்களுக்குத் தகப்பன் என்ற பட்டத்தையே தூக்கிப் போட்டார். ஊர்களை நாசமாக்கிய இந்தக் கட்டடங்களுக்கு நான் பொறுப்பில்லை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். 1980 பிப்ரவரி 14 அன்று வியன்னாவில் இறந்தார். வயது 76.

சவுத்டேல் இன்றும் இயங்குகிறது. அரை நூற்றாண்டு தாண்டிய பிறகு, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதியை எடுத்து அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். க்ரூயன் பிளானில் அவை முதலிலிருந்தே இருந்தன.

நம்ம ஊரில் இந்தக் கதை எங்கே நிற்கிறது?

சென்னை மவுண்ட் ரோடில் பழைய ஸ்பென்சர் கடை இருந்த இடத்தில், 1990-களில் எழுந்த ஸ்பென்சர் பிளாசாவை ஒரு தலைமுறை வாய்பிளந்து பார்த்தது. அதைவிடப் பெரிய மால்கள் வந்ததும் அங்கே கூட்டம் கரைந்து, பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. அதே சென்னையில், 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி, பெஞ்சு போட்டு, கார்களுக்கு இடத்தைக் குறைத்தார்கள். கலமசூ செய்ததை அரைவாசி செய்திருக்கிறோம் என்று சொல்லலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பெரிய மால் கலாசாரம் இன்னும் வரவில்லை. கடைத்தெருதான் ராஜா. 1923-ல் கே.வி. போத்தி மூப்பனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய துணி வியாபாரம்தான், இன்று பல நகரங்களில் மாடி மாடியாக நிற்கும் போத்தீஸ். திருமங்கலம் – ராஜபாளையம் நான்குவழிச் சாலைத் திட்டமும் இந்தப் பக்கம்தான். புதுச் சாலை வரும் ஊர்களில் எல்லாம் வியாபாரம் மெதுவாகச் சாலையோரத்துக்கு நகர்வதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் 1956-க்குப் பிறகு தொடங்கியதும் இதே வரிசையில்தான். சாலை, பிறகு சாலையோரக் கடை, பிறகு ஊருக்குள் பூட்டு.

ஆண்டாள் கோயிலைச் சுற்றி இருக்கும் ரத வீதிகளை ஒரு தடவை க்ரூயன் கண்ணோடு பாருங்கள். கீழே பால்கோவா கடை, மேலே வீடு, எட்டிப் பார்த்தால் கோபுரம், பூக்கடை, ஓட்டல், நின்று பேச நாலு தெரிந்த முகம். அவர் மினசோட்டாவில் 463 ஏக்கரில் வரைந்து, கட்ட முடியாமல் போனதில் பாதி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், நடக்க இடம். பைக்கும் ஆட்டோவும் காரும் அதைப் பிடித்துக்கொண்டன.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் விலக்கு. ஆடிப்பூரத்தன்று தேர் கிளம்பினால் ரத வீதியில் வண்டி எதுவும் நுழைய முடியாது. மம்சாபுரத்திலிருந்து வந்தவர்கள் உள்பட அத்தனை பேரும் வீதி முழுக்க நடக்கிறார்கள், வடம் பிடிக்கிறார்கள், கடை பார்க்கிறார்கள், திண்ணையில் உட்கார்கிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் பைக்குகள் திரும்பி வந்துவிடும்.